இனி 'ஒரு ஸ்பூன்'னு மருந்து சொல்லாதீங்க: குழந்தை டாக்டர்களுக்கும் மருந்துக்கடைக்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

குழந்தைங்களுக்கு மருந்து எழுதுற டாக்டர்கள், அதை எடுத்துக் குடுக்குற மருந்துக்கடைக்காரங்க, சிரப் தயாரிக்குற கம்பெனிக்காரங்க, இவங்க எல்லாரையும் கண்காணிக்க வேண்டிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிங்க, உங்க எல்லாருக்கும் சேத்து எழுதுறேன்.

காலைல ஒரு ஸ்பூன், நைட்டு ஒரு ஸ்பூன்னு குழந்தைக்கு மருந்து சொல்றதை நீங்க விடணும். ஸ்பூன்ங்கறது வீட்ல கெடக்குற ஒரு சாமான், அது அளவு கிடையாது. நீங்க படிச்ச புஸ்தகத்துல ஒரு டீஸ்பூன்னா 5 மில்லினு இருக்கும், ஆனா எங்க வீட்டு ஸ்பூனை யாரும் 5 மில்லிக்குன்னு அடிச்சுச் செய்யல.

எங்க அக்கா பையனுக்கு ஒன்றரை வயசு, எடை 10 கிலோ. காய்ச்சல்னு கூட்டிட்டுப் போனப்போ டாக்டர் பாராசிட்டமால் சிரப் எழுதி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு ஸ்பூன் குடுங்கன்னு சொல்லியிருக்காரு. அவர் மனசுல வச்சிருந்தது 5 மில்லில 125 மில்லிகிராம் இருக்குற சிரப். 10 கிலோ குழந்தைக்கு அது சரியான அளவுதான், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10லருந்து 15 மில்லிகிராம்னுதான் கணக்கு. ஆனா கடையில அந்த சிரப் தீந்து போச்சு, கவுண்டர்ல இருந்த பையன் 'ரெண்டும் ஒரே மருந்துதான்க்கா'ன்னு சொல்லி டிராப்ஸ் பாட்டிலை எடுத்துக் குடுத்துட்டான். ஒரே மருந்துதான், இல்லைங்கல. ஆனா டிராப்ஸ்ல 1 மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கு.

அக்கா வேலைக்குப் போயிட்டா, பையனைப் பாத்துக்கிட்டது எங்க அம்மா. டாக்டர் சொன்னபடியே ஒரு ஸ்பூன் ஊத்திக் குடுத்தாங்க. 125 மில்லிகிராம் போக வேண்டிய எடத்துல 500 போயிருக்கு, நாலு மடங்கு. டப்பாக்குள்ள டிராப்பர் இருந்துச்சு, அதை யாரும் தொடவே இல்ல, ஸ்பூன்னு டாக்டரே வாயால சொன்னதுக்கு அப்புறம் அதை எதுக்கு எடுக்கப் போறாங்க. மூணாவது வேளையோட 15 மில்லி பாட்டில் காலி. இன்னொண்ணு வாங்க அக்கா வேற கடைக்குப் போனப்போ அங்க இருந்த பொண்ணு, 'எப்பக்கா வாங்குனீங்க, அதுக்குள்ள எப்படித் தீந்துச்சு'ன்னு கேட்டுச்சு. அந்தக் கேள்வியைக் கேக்காம இன்னொரு பாட்டிலை எடுத்து நீட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்குப் பதறுது.

பாராசிட்டமால் அளவு மீறுனா ஈரலைத்தான் தாக்கும், அதுவும் உடனே வெளிய தெரியாது, முதல் நாள் கொஞ்சம் வாந்தி, சோர்வு, அவ்வளவுதான், காய்ச்சல் வந்த குழந்தை அப்படித்தான் இருக்கும்னு வீட்ல நெனச்சுக்குவோம். மாத்து மருந்து இருக்கு, என்-அசிட்டைல்சிஸ்டீன்னு பேரு, ஆனா சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் அது முழுசா கை குடுக்கும். எங்க பையனை ஆஸ்பத்திரில சேத்தோம், திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து லிவர் டெஸ்ட் பாத்தாங்க, கடைசில ஈரலுக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

நான் இதை எழுதுறதுக்குக் காரணம் அந்த ஆஸ்பத்திரில நடந்ததுதான். அட்மிஷன் போட்டப்போ வார்டுல எல்லாரும் பாக்க எங்க அம்மாவைப் பிடிச்சு, 'இவ்வளவு மருந்தை யாராவது குழந்தைக்குக் குடுப்பாங்களா, கண்ணு தெரியலையா'ன்னு கேட்டாங்க. அம்மா ஒண்ணும் பேசல. அன்னிக்கிருந்து இன்னிக்கு வரைக்கும் அவங்க பேரனுக்கு ஒரு சொட்டு மருந்து கையால குடுக்குறதில்ல, காய்ச்சல் வந்தா அக்காவுக்கு போன் போட்டு வரச் சொல்றாங்க. அவங்களை அப்படித் திட்டுன அதே ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் பண்ணப்போ ஒரு சீட்டு குடுத்தாங்க, அதுல ரெண்டு சிரப் எழுதியிருந்துச்சு, ரெண்டுக்கும் நேரா '1 ஸ்பூன்'.

எங்க அம்மா ஒரு தப்பும் பண்ணல. ஒரு ஸ்பூன்னு சொன்னாங்க, ஒரு ஸ்பூன் குடுத்தாங்க. எழுதுனவரு மனசுல ஒரு ஸ்பூன், கடைக்காரர் கையில வேற மருந்து, அம்மா அடுக்களையில வேற ஸ்பூன். இந்த மூணையும் ஒண்ணா சேக்க வேண்டிய பொறுப்பு படிச்ச உங்களோடதா, 60 வயசு தாண்டுன அவங்களோடதா?

நான் வீட்ல இருந்தே கேக் ஆர்டர் எடுத்துப் பண்றவ. கேக்குக்கு அளக்கத் தனியா மெஷரிங் ஸ்பூன் செட் வச்சிருக்கேன், 15, 5, 2.5, 1.25 மில்லினு ஒவ்வொண்ணுலயும் பொறிச்சிருக்கும். டீஸ்பூனுக்கும் டேபிள்ஸ்பூனுக்கும் மூணு மடங்கு வித்தியாசம், பேக்கிங் சோடாவுல அதை மாத்திப் போட்டா கேக்கை வாயில வைக்க முடியாது. ஒரு கேக்குக்கே இவ்வளவு பாக்குறோம். அந்த சம்பவத்துக்கு அப்புறம் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சை எடுத்துட்டு அம்மா வீட்டு அடுக்களையில இருந்த ஸ்பூனை எல்லாம் தண்ணி ஊத்தி அளந்து பாத்தேன். ஊறுகாய் பாட்டில்ல போட்டு வைக்குற ஸ்பூன் 3 மில்லி கூடப் பிடிக்கல. அஞ்சறைப்பெட்டில கெடக்குற ஸ்பூன் அதைவிடக் கொஞ்சம். டீ கலக்குறது 5 பக்கம் வந்துச்சு. கல்யாண வீட்ல குடுத்த எவர்சில்வர் செட்ல இருக்குற சாப்பிடுற ஸ்பூன் 9 மில்லி பக்கம் பிடிச்சுது, அதையும் எங்க வீட்ல ஸ்பூன்னுதான் சொல்றோம். அதுலயும் விளிம்பு வரைக்கும் ததும்ப ஊத்துறவங்க உண்டு, சிந்திரும்னு முக்கால் ஸ்பூனோட நிறுத்துறவங்களும் உண்டு.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. கிரீஸ் நாட்டுல ஏதென்ஸ் இருக்குற அட்டிகா பகுதில 25 வீட்ல இருந்து ஸ்பூன்களை வாங்கி அளந்து 2010ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அந்த வீடுகள்ல இருந்த டீஸ்பூன் 2.5 மில்லில ஆரம்பிச்சு 7.3 மில்லி வரைக்கும் பிடிச்சிருக்கு, டேபிள்ஸ்பூன் 6.7லருந்து 13.4 வரைக்கும். அதாவது ஒரு வீட்டு டீஸ்பூன் இன்னொரு வீட்டு டேபிள்ஸ்பூனை விடப் பெருசா இருந்திருக்கு. அமெரிக்காவுல 2014ல பீடியாட்ரிக்ஸ்ங்கற குழந்தை மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல 287 பெற்றோரைப் பாத்தாங்க, கிட்டத்தட்ட 10ல 4 பேர் தாங்க குடுக்கணும்னு நெனச்ச அளவையே சரியா அளக்கல, மில்லில அளந்தவங்களை விட ஸ்பூன் கணக்குல நெனச்சவங்க தப்புப் பண்ற வாய்ப்பு ரெண்டு மடங்கு பக்கம் கூட இருந்துச்சு. இதுக்கு அடுத்த வருஷம், 2015ல, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வாய் வழியாக் குடுக்குற திரவ மருந்துக்கு மில்லி மட்டும்தான் எழுதணும், ஸ்பூன்ங்கற பேச்சே வேண்டாம்னு கொள்கையாவே வெளியிட்டுட்டாங்க. பீடியாட்ரிக்ஸ் நீங்க படிக்குற இதழ்தான். தெரியாதுன்னு சொல்ல மாட்டீங்கன்னு நம்புறேன்.

டீஸ்பூன்ங்கற பேரு வந்ததே டீ கலக்குற ஸ்பூனை வச்சுத்தான். இங்கிலாந்துல டீத்தூள் தங்க விலை வித்த காலத்துல கப்பும் சின்னது, ஸ்பூனும் சின்னது, அப்ப மருந்துக்காரங்க ஒரு டீஸ்பூன்னா டிராம்ங்கற பழைய அளவு ஒண்ணுன்னு வச்சிருந்தாங்க, இன்னிக்குக் கணக்குல மூன்றரை மில்லி பக்கம். டீ விலை இறங்க இறங்கக் கப்பு பெருசாச்சு, ஸ்பூனும் பெருசாச்சு, 18ஆம் நூற்றாண்டுலயே வீட்டு ஸ்பூன் வேற மருந்துக்காரங்க ஸ்பூன் வேறன்னு ஆயிப்போச்சு. மெட்ரிக் வந்தப்புறம்தான் மருந்துக்கு 5 மில்லின்னு நிப்பாட்டுனாங்க. டேபிள்ஸ்பூன் பல நாட்டுல 15 மில்லி, ஆஸ்திரேலியாவுல 20. நடுவுல 10 மில்லிக்கு டெசர்ட் ஸ்பூன்னு ஒண்ணு வேற. அந்தச் சொல்லைப் பெத்த நாட்டுலயே அது ஒரு எடத்துல நிக்கல, இங்க கம்பம் பள்ளத்தாக்குல ஒரு அடுக்களையில மட்டும் எப்படி நிக்கும்?

நம்ம பக்கம் இன்னும் சிக்கல். ஸ்பூன்னா எங்களுக்கு டீ ஸ்பூனும் அதுதான், சாப்பிடுற ஸ்பூனும் அதுதான். மருந்து டப்பாக்குள்ள வைக்குற நோட்டீஸ்ல தேக்கரண்டி, மேசைக்கரண்டின்னு அச்சடிக்குறாங்க, எங்க ஊர்ல கரண்டின்னா குழம்பு ஊத்துறது. யாழ்ப்பாணத்துல கரண்டின்னா ஸ்பூன்தான், குழம்புக்கு அகப்பை, அவங்களுக்கு அது சரியாப் புரியும், எங்களுக்குப் புரியாது. சீட்டுல டாக்டருங்க சுருக்கி எழுதுறப்போ டீஸ்பூனுக்கும் (tsp) டேபிள்ஸ்பூனுக்கும் (tbsp) நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், அதையும் கிறுக்குன எழுத்துல எழுதுனா மூணு மடங்கு மருந்து ஒரு எழுத்துல தொங்குது. தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும்னு மருத்துவக் கவுன்சில் 2016லயே நடத்தை விதில திருத்தம் கொண்டு வந்தாச்சு, இன்னும் எங்க கைக்கு வர்ற சீட்டு அப்படியேதான் இருக்கு.

கூடிப் போறது மட்டும் பிரச்சனை இல்ல, குறைஞ்சு போறதும் பிரச்சனைதான். ஆன்டிபயாடிக் சிரப்பை ஊறுகாய் ஸ்பூன்ல குடுத்தா பாதி மருந்துதான் உள்ள போகும், காய்ச்சல் விடாது, திரும்ப வந்தா 'இது கேக்கல'ன்னு சொல்லி இன்னும் பெரிய ஆன்டிபயாடிக் எழுதுவீங்க. கிருமி மருந்துக்குப் பழகுறதுக்கு இதுவும் ஒரு வழி. வலிப்பு மருந்துல அளவு தள்ளாடுனா கூடினாலும் ஆபத்து குறைஞ்சாலும் ஆபத்து. பெரியவங்களுக்குக் குடுக்குற பொட்டாசியம் சிரப்பும் அப்படித்தான், அதுவும் கிட்னி சரியில்லாதவங்களுக்கு அளவு தப்புனா இதயத்துடிப்பையே பாதிக்கும்.

வயித்துப்போக்குக்கு வீட்லயே உப்புச் சக்கரைத் தண்ணி கலக்கச் சொல்லி இன்னிக்கும் சொல்லித் தர்றாங்க, 1 லிட்டர் தண்ணிக்கு 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அதுல ஸ்பூன்னா தலை தட்டுன ஸ்பூன், குமிச்ச ஸ்பூன் இல்ல, அதைச் சொல்றவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான். எங்க வீட்ல கல்லுப்புதான் புழங்குது, கல்லுப்பு ஒரு ஸ்பூனும் தூளுப்பு ஒரு ஸ்பூனும் எடை ஒண்ணா இருக்காது. உப்பு கூடிப்போனா ஏற்கனவே காஞ்சு கெடக்குற குழந்தைக்கு ரத்தத்துல சோடியம் ஏறிப்போகும், வலிப்பு வரைக்கும் கொண்டு போயிரும். ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே தர்றாங்க, அதைக் குடுங்க. குடுக்குறப்போ இது 1 லிட்டர் பாக்கெட்டா 200 மில்லி பாக்கெட்டான்னு சொல்லிக் குடுங்க, ஏன்னா லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடுத்த வீட்டை நானே பாத்திருக்கேன்.

ஊர்ல எல்லா அளவையும் சர்க்கார் பாக்குது. 1956லயே மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டாச்சு, 2009ல சட்டமுறை எடையளவுச் சட்டம் வந்தாச்சு. காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை இருக்கணும், பெட்ரோல் பங்க்ல சந்தேகம்னா 5 லிட்டர் அளவுக் கேனை எடுத்து அளந்து காட்டச் சொல்லலாம், நகைக்கடையில மில்லிகிராம் வரைக்கும் பாத்து வாங்குறோம். பச்சப் புள்ள தொண்டைல இறங்குற மருந்துக்கு மட்டும் அவங்கவங்க வீட்ல கைக்குக் கெடைச்ச ஸ்பூன்.

'மில்லினு சொன்னா இவங்களுக்குப் புரியாது, அதான் ஸ்பூன்னு சொல்றோம்'னு ஒரு டாக்டர் என் முகத்துக்கு நேரா சொன்னாரு. அதை நான் ஒத்துக்க மாட்டேன். எங்க அம்மா திராட்சைத் தோட்டத்துல பல வருஷம் வேலை பாத்தவங்க, பூச்சி மருந்து 10 லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லினு மூடில அளந்து ஊத்துனவங்க, ஒரு மில்லி கூடுனாப் பிஞ்சு கருகிரும்னு அவங்களுக்குத் தெரியும். பால் பாக்கெட்டு 500 மில்லி, எண்ணெய் 200 மில்லினு கேட்டு வாங்குற ஜனங்க நாங்க. புரியாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு எங்ககிட்ட சொல்லாமலே விட்டுட்டு, அப்புறம் வார்டுல வச்சு எங்களைத் திட்டுறது நியாயமில்ல.

ஓபில அவ்வளவு கூட்டம், ஒவ்வொருத்தருக்கும் வெளக்க நேரம் இல்லன்னு சொல்றீங்க, அது உண்மைதான், கூட்டத்தை நானும் பாக்குறேன். ஆனா '1 ஸ்பூன்'னு எழுதுற நேரத்துலயே '5 மில்லி'னு எழுதிறலாம்.

கம்பெனிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க பாட்டிலோட தர்ற அளவு மூடியை ஒரு தடவை ராத்திரி நேரத்துல, அழுற குழந்தையை மடில வச்சுக்கிட்டுப் பிடிச்சுப் பாருங்க. வெள்ளைப் பிளாஸ்டிக்ல வெள்ளையாவே கோடு, நம்பர் கண்ணுக்குத் தெரியாது, 2.5 எங்க 5 எங்கன்னு விரல்ல தடவித்தான் பாக்கணும். அமெரிக்காவுல டாக்டர் சீட்டு இல்லாம மருந்துக் கடையில நேரா வாங்குற திரவ மருந்து எல்லாத்தோடயும் அளவு கருவி வரணும், அதுல இருக்குற கோடும் லேபிள்ல இருக்குற அளவும் ஒத்துப் போகணும்னு 2011லயே அவங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வழிகாட்டுதல் குடுத்துருச்சு. ஏற்றுமதிக்குச் செய்ற உங்களுக்கு அது நல்லாவே தெரியும். எங்களுக்கும் அதே மாதிரி செஞ்சு தர்றதுல என்ன கஷ்டம்?

2025ல இருமல் சிரப் குடிச்சு மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க செத்தப்போ, அந்த சிரப் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல செஞ்சதுன்னு தெரிஞ்சப்போ, நாடே பாட்டிலுக்குள்ள என்ன கலந்திருக்குன்னு கேட்டுச்சு. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு இருமல், சளி மருந்தே எழுதக்கூடாதுன்னு மத்திய சுகாதாரத் துறை அப்ப அறிவுரை குடுத்துச்சு. அது வேணும். அதோட, நல்ல மருந்தாவே இருந்தாலும் அது எவ்வளவு உள்ள போகுதுங்கறதையும் யாராவது கேக்கணும் இல்லையா, அதைத்தான் நான் கேக்குறேன்.

டாக்டர்கள்கிட்ட நான் கேக்குறது இது. சீட்டுல குழந்தையோட எடையை எழுதுங்க, மருந்து 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்ங்கறதை எழுதுங்க, அளவை மில்லில மட்டும் எழுதுங்க, வாயால சொல்றப்பவும் மில்லினே சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை வேளைக்கு மேல போகக்கூடாதுன்னும் சொல்லுங்க. உங்க ரூம்ல இருக்குற நர்ஸ் ஒரு சிரிஞ்சைக் காட்டி 'இந்தக் கோடு வரைக்கும்'னு பேனாவால ஒரு கோடு போட்டுக் குடுத்தா எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது போதும்.

மருந்துக்கடைக்காரங்களே, சிரப் இல்லன்னா டிராப்ஸைத் தூக்கிக் குடுக்காதீங்க, 125 எழுதியிருந்தா 250ஐயும் குடுக்காதீங்க. குடுத்தே ஆகணும்னா டாக்டருக்குப் போன் போட்டு அளவை மாத்தி வாங்கி பாட்டில் மேல எழுதி ஒட்டுங்க. சிரப் வாங்குறவங்க கையில ஒரு வாய்வழி சிரிஞ்சு குடுங்க, அது பில்லுல சேந்தாலும் பரவால்ல, நாங்க குடுப்போம். ஊசி போடுற சிரிஞ்சைத்தான் குடுக்குறீங்கன்னா ஊசியையும் சின்ன மூடியையும் கழட்டிட்டுக் குடுங்க, அந்த மூடி குழந்தை தொண்டைல போய் மாட்டிக்கும்.

கம்பெனிக்காரங்க அளவு மூடில கோட்டைக் கலர்ல அச்சடிங்க, லேபிள்லயும் நோட்டீஸ்லயும் இருக்குற டீஸ்பூன்ங்கற சொல்லை எடுங்க. டிராப்ஸ் பாட்டில் மேல 'இது சிரப் இல்ல, டிராப்பர்ல மட்டும் குடுக்கவும்'னு தமிழ்ல பெருசாப் போடுங்க.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேந்து ஒரு சுற்றறிக்கை விடுங்க: தமிழ்நாட்டுல எந்த அரசு ஆஸ்பத்திரி சீட்டுலயும், தனியார் சீட்டுலயும், கடைக் கவர் மேலயும் குழந்தை மருந்துக்கு ஸ்பூன்னு இருக்கக்கூடாது. கடையைச் சோதனை போடுறப்போ லைசென்ஸைப் பாக்குற மாதிரி இதையும் பாருங்க. கிராம சுகாதார நர்ஸ், அங்கன்வாடி டீச்சர் கையில சிரிஞ்சு குடுத்து வீடு வீடாக் காட்டச் சொல்லுங்க, தாய்மாருக்கு மட்டும் இல்ல, பகல்ல குழந்தையைப் பாத்துக்குற அம்மாச்சிக்கும் அப்பத்தாவுக்கும் காட்டணும். எப்ப இருந்து இது நடைமுறைக்கு வரும்னு ஒரு தேதி சொல்லுங்க, எங்க ஊர் சுகாதார நிலையத்துல போய் நான் கேட்டுப் பாத்துக்குறேன்.